பி.எச்.சி.யில் பிசியோ வேலை: சேரலாமா, எம்.பி.டி. படிக்கலாமா?

கேள்வி:

வணக்கம் சார். எனக்குக் கோபி பக்கம் கிராமம். கோவையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஈரோட்டில் ஒரு தனியார் பிசியோ கிளினிக்கில் இருக்கிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு விண்ணப்பித்ததில் சத்தியமங்கலம் பக்கம் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதாவது பி.எச்.சி.க்குத் தேர்வாகியிருக்கிறேன். ஒப்பந்த வேலை, 13,000 ரூபாய் தொகுப்பூதியம், இப்போது வாங்குவதைவிடக் குறைவு. கிளினிக் சீனியர், "பி.எச்.சி.யில் பிசியோவுக்கு என்ன வேலை? படிச்சதும் மறந்து போயிரும், பேசாம எம்.பி.டி. படி" என்று முதுகலைப் படிப்பைச் சொல்கிறார். கூடப் படித்தவள் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறாள், அங்கே டாக்டருக்கு முன்பே பிசியோவே நோயாளியைப் பார்க்கும் வேலை இருக்கிறதாம். எனக்கு ஊர் மக்களோடு வேலை செய்யத்தான் ஆசை, ஆனால் இதில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன பயிற்சி எடுக்க வேண்டும், எம்.பி.டி. எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மலை ஊருக்கெல்லாம் தனியாகப் போகணுமா என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்:

அன்புள்ள அம்மணி,

சேருங்கள். ஆனால் 'கவர்ன்மென்ட் வேலை, என்றைக்காவது பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள்' என்ற நம்பிக்கையில் சேர வேண்டாம். இரண்டு மூன்று வருடத்தில் இங்கிருந்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுச் சேருங்கள். அந்த முடிவு இல்லாமல் போனால் உங்கள் சீனியர் சொன்னது பலித்துவிடும், முடிவோடு போனால் எந்த கிளினிக்கிலும் கிடைக்காத ஒன்று உங்கள் கைக்கு வரும்.

அது என்ன என்று சொல்கிறேன். இப்போது உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர் ஏற்கெனவே ஒரு டாக்டரைப் பார்த்து, எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து, 'டிஸ்க்' என்றோ 'மூட்டுத் தேய்மானம்' என்றோ ஒரு பெயரோடு வருகிறார். சீட்டிலேயே ஐ.எஃப்.டி. (கரண்ட் சிகிச்சை), ட்ராக்ஷன் (இழுவை சிகிச்சை), பத்து நாள் என்று எழுதியிருக்கும். கரண்ட் வைப்பது உங்கள் வேலை, எதற்கு வைக்கிறோம் என்ற யோசனை வேறு ஒருவருடையது. நான்கரை வருடம் படித்த உடற்கூறும் நரம்பியலும் மறந்து போவது அங்கேதான். பி.எச்.சி.க்கு வருகிற அம்மா "இடுப்புப் புடிச்சுக்கிச்சுங்க, குனிய முடியல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஸ்கேன் இல்லை, பெயர் இல்லை. மெடிக்கல் ஆபீசர் முன்னால் காய்ச்சல், சர்க்கரை, கர்ப்பிணிகள் என்று பெரிய வரிசை நிற்கும், அவர் உங்களைப் பார்த்து "கொஞ்சம் பாருங்கம்மா" என்பார். அந்த நிமிடத்திலிருந்து யோசிக்க வேண்டியது நீங்கள். எந்த வலி என்னுடையது, எந்த வலி என்னுடையது அல்ல என்று பிரிக்கத் தெரிவதுதான் ஆரம்ப சுகாதாரத்தில் பிசியோவின் தொழிலே. மற்ற திறமையெல்லாம் அதற்கு அப்புறம்.

இடுப்பு வலியையே எடுத்துக்கொள்வோம், அதைத்தான் அதிகம் பார்க்கப் போகிறீர்கள். சத்தியில் விடிவதற்கு முன்பே மல்லித் தோட்டத்தில் குனிந்து பூ எடுக்கிற பெண்கள், பவானியில் குழித்தறியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்கிறவர்கள், மஞ்சள் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள், குத்த வைத்துப் பால் கறக்கிறவர்கள் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது வேலை தந்த வலி. பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்லி, படுத்தே கிடக்காமல் நடமாட வைத்து, இரண்டு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தால் அவர்களில் பலர் சில வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் அதே வரிசையில் ஒருவர், மலம் சிறுநீர் போகிற இடத்தைச் சுற்றி மரத்துப் போயிருக்கிறது, சிறுநீர் சரியாக இறங்கவில்லை, இரண்டு காலும் தளர்கிறது என்று சொல்லக்கூடும். கேட்டால்தான் சொல்வார், கேட்காவிட்டால் கூச்சத்தில் சொல்லாமலே போய்விடுவார். அது முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குகிற அறிகுறி. அன்றைக்கே பெருந்துறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவைக்கோ போயாக வேண்டும், நாள் கடத்தினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப வராமலே போகலாம். இன்னொருவருக்கு மாலையானால் லேசாகக் காய்ச்சல், எடை குறைந்திருக்கும், ராத்திரி வியர்க்கும், படுத்தாலும் வலி விடாது. முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம், நம் நாட்டில் அதை மறக்கவே கூடாது. முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குப் புதிதாக முதுகு வலி என்றால் தனியாக யோசிக்க வேண்டும். வீசிங்குக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட பாட்டி திண்ணையிலிருந்து வழுக்கி உட்கார்ந்திருந்தால், எலும்பு நொறுங்கவில்லை என்று தெரியாமல் முதுகில் கை வைக்கவே கூடாது.

இதெல்லாம் நீங்கள் படித்ததுதான், தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சுற்றி வளைத்துப் பேசும்போது நடுவில் அந்தக் கேள்வியைப் பதமாகக் கேட்பது வேறு பழக்கம். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டால்தான் அது வரும்.

அதே மாதிரி தோள்பட்டை. கை தூக்க முடியவில்லை என்று வருகிறவரின் தோள் இறுகிப் போயிருந்தால், சர்க்கரை பார்த்தாரா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சாதாரணமாக வரும், தோளைக் காட்ட வந்த இடத்தில்தான் சர்க்கரை இருப்பதே தெரியவரும் ஆட்களும் உண்டு. இடது தோள் வலியோடு வியர்வையும் மூச்சு வாங்கலும் இருந்தால் அது தோள் அல்ல, இதயம். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட வைப்பது நம் ஊரில் வீட்டிலும் நடக்கிறது, கிளினிக்கிலும் நடக்கிறது, ஆகவே ஒத்தடம் கொடுக்கும் முன் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும். கட்டு வைத்தியரிடம் கட்டிக்கொண்டு வருகிறவரின் விரல் நுனி வீங்கி, நிறம் மாறி, நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றால் கட்டை உடனே பிரிக்க வைத்து அனுப்ப வேண்டும். அங்கே கட்டு வைத்தியரைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள், திட்டினால் அடுத்த முறை கட்டோடு உங்களிடம் வரமாட்டார்கள்.

இனி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலை. திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோவும் வலி நிவாரணச் சேவையும் வீடு தேடி வரும் என்றுதான் அறிவித்தார்கள். 2024இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. வெளியே மாத்திரைதான் பேசப்படுகிறது, ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒருவர் வீட்டில் உங்கள் வருகையைத்தான் அதிகம் எதிர்பார்ப்பார்கள். யார் வீட்டில் யார் எழுந்திருக்காமல் கிடக்கிறார்கள் என்பது பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியரான வி.எச்.என்.னுக்கும்தான் தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். அவர்களிடம் மேலதிகாரி மாதிரி நடந்துகொண்டால் ஒரு வருடமானாலும் பாதி வீடுகள் உங்கள் கண்ணில் படாது.

பக்கவாதம் வந்தவர் வீட்டில் மெஷின் கிடையாது, இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற பேரலல் பார் கிடையாது, கயிற்றுக் கட்டில், வெளியே பத்து எட்டு நடந்தால் கக்கூஸ், நடுவில் ஒரு வாசப்படி. அந்த வாசப்படிதான் உங்கள் சிகிச்சைத் திட்டம். கல்லூரியில் 'தசை வலிமை 3லிருந்து 4 ஆக வேண்டும்' என்று இலக்கு எழுதியிருப்பீர்கள், இங்கே 'பெரியவர் ஒரு மாதத்தில் ஒரு ஆள் துணையோடு வாசப்படி தாண்டிக் கக்கூஸ் போக வேண்டும்' என்று எழுதுங்கள். கயிற்றுக் கட்டில் தொய்வாக இருந்தால் அதில் எழுந்து உட்காரும் பயிற்சியே நடக்காது, பலகை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெஞ்சுக்கு மாற்றுங்கள். திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் திருப்ப வேண்டும், விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் எப்படி நழுவும், எந்தப் பக்கம் நின்று எங்கே பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் மருமகளுக்கோ மகனுக்கோ சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய வேலை. அவரைச் செய்ய வைத்து, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நீங்களே செய்துவிட்டு வண்டி ஏறினால் அடுத்த முறை போகும் வரை அந்த வீட்டில் எதுவும் நடக்காது. வட்டாரம் முழுக்க ஒரே ஆளாகச் சுற்றப்போகிற உங்களுக்கு அந்த அடுத்த முறை எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற திறமை இல்லாத பிசியோ இந்த வேலையில் ஒருவருக்கும் உதவ முடியாது.

பெண்களைப் பற்றி ஒன்று. நீங்கள் பெண் என்பதால் இது உங்களிடம்தான் வரும். இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது, அடி இறங்கின மாதிரி இருக்கிறது என்பதை நம் ஊர்ப் பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை, "வயசானா அப்படித்தான்" என்று இருந்துவிடுகிறார்கள். இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சியால் கசிவு நன்றாகக் குறையும் என்பது உறுதியான விஷயம். பிரசவத்துக்குப் பின் தடுப்பூசிக்கு வருகிற அம்மாக்களிடம் வி.எச்.என். பக்கத்தில் இருக்கும்போதே பேச்சை ஆரம்பியுங்கள். குழந்தைகளும் அதே தடுப்பூசி நாளில்தான் வருகிறார்கள், கழுத்து நிற்காத, உட்கார வேண்டிய வயதில் உட்காராத குழந்தை அங்கேயே கண்ணில் படும். அப்படிப்பட்ட குழந்தையை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு, அதாவது டி.இ.ஐ.சி.க்கு அனுப்ப வேண்டும், பள்ளி வயதென்றால் வட்டார வள மையத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பிசியோ இருப்பார். அவர்கள் எண்ணையெல்லாம் முதல் மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது, அதற்கப்புறம் தொடை எலும்பில் கம்பியோடு வீட்டுக்கு வருகிறவரை நடக்க வைப்பது யார்? நீங்கள்தான்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். 'ஆரம்ப சுகாதார பிசியோ' என்று ஒரு சான்றிதழ் படிப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வேலையிலேயே பயிற்சியை அமைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மூன்று பேர் தயவு வேண்டும்: உங்கள் வட்டார மருத்துவ அலுவலர், தொற்றா நோய் பிரிவு ஸ்டாஃப் நர்ஸ், பெரிய மருத்துவமனையில் ஒரு சீனியர் பிசியோ. மருத்துவ அலுவலரிடம் வாரத்தில் அரை மணி நேரம் கேளுங்கள், அந்த வாரம் பார்த்தவர்களில் குழப்பமாக இருந்த இரண்டு மூன்று பேரைப் பற்றிப் பேச. யாரை அனுப்பினேன், ஏன் அனுப்பினேன், அங்கே என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வயது, வேலை, என்ன சொன்னார், என்ன பரிசோதித்தேன், என்ன நினைத்தேன், என்ன ஆயிற்று என்பது போதும். இந்த நோட்டுதான் நாளைக்கு எம்.பி.டி. நேர்காணலிலும் வெளிநாட்டு விண்ணப்பத்திலும் உங்களுக்காகப் பேசும். மாதத்தில் ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு பெருந்துறையிலோ ஈரோடு அரசு தலைமை மருத்துவமனையிலோ எலும்பு ஓ.பி.யிலும் நரம்பு ஓ.பி.யிலும் போய் நில்லுங்கள். உங்கள் வட்டாரத்திலிருந்து போன நோயாளியையே அங்கே பார்ப்பீர்கள், நாம் அனுப்பிய கடிதம் அங்கே யாருக்காவது பயன்பட்டதா என்றும் தெரியும். கடிதம் எழுதுவதும் ஒரு பயிற்சிதான். 'முதுகு வலி, பார்க்கவும்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். 'மூன்று நாளாக இரு கால் தளர்ச்சி, நேற்றிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை' என்று எழுதினால் வாசலிலேயே கவனிப்பார்கள்.

அளப்பதைப் பழகுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி, முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார், அன்றாட வேலைகளுக்கான பார்தெல் மதிப்பெண் எவ்வளவு, சர்க்கரை நோயாளியின் பாதத்தில் பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை பட்டால் உணர்ச்சி இருக்கிறதா, இதற்கெல்லாம் ஒரு செல்போன் கடிகாரமும் ஒரு நாற்காலியும் அந்த இழையும் கொஞ்சம் பொறுமையும் போதும். பயிற்சிக்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்க்காமல் பக்கவாதக்காரரை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். உங்கள் கண்முன்னே புதிதாக வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும், ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

வெளியே போய்க் கற்க வேண்டியவையும் சில உண்டு. படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணச் சேவையில் கேரளம் நமக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது. கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவக் கழகம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா இருக்கிறது, பாலியத்தின் இணையவழிப் பயிற்சிகளையும் பாருங்கள். சக்கர நாற்காலி, நடைக்கருவி, செயற்கைக்கால் என்றால் பெங்களூரு மொபிலிட்டி இந்தியா. உலக சுகாதார நிறுவனம் உதவிக் கருவிகள் பற்றி இலவசமாக இணையத்தில் பாடம் வைத்திருக்கிறது, ராத்திரி வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஆளுக்குப் பொருந்தாத சக்கர நாற்காலியை முகாமில் கொடுத்து, அது கோழி அடைகிற கூண்டாகிவிட்ட வீடுகளைப் பார்க்கப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். குழந்தைகள் பக்கம் மனசு போனால் தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைப் போய்ப் பாருங்கள், 1981இலிருந்து கிராமத்துக்குள் மறுவாழ்வுப் பணியைக் கொண்டுபோனவர்கள். இரண்டு நாள் டேப்பிங், கப்பிங் என்று வாட்ஸ்அப்பில் வருகிற வகுப்புகளுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்களுக்கு முதலில் தேவைப்படுவது அது இல்லை. 'ஆர்.சி.ஐ. பதிவு வாங்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள், அது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், பிசியோக்கள் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. 2021இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான் நாம் வருகிறோம், மாநிலப் பதிவேடும் மத்தியப் பதிவேடும் அந்தச் சட்டப்படிதான். உங்கள் பட்டம், மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்று எல்லாவற்றையும் அதற்காக ஒழுங்காக வைத்திருங்கள்.

எம்.பி.டி. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்கிறேன். இரண்டு வருடம் முழுநேரப் படிப்பு, சம்பளமும் நிற்கும், கட்டணமும் கட்ட வேண்டும். இந்த நிலையில் போனால் தோழிகள் எடுக்கிறார்கள் என்று ஸ்போர்ட்ஸையோ ஆர்த்தோவையோ எடுப்பீர்கள். வட்டாரத்தில் இரண்டு வருடம் சுற்றிய பிறகு எது உங்களை இழுக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கவாதக்காரர்கள் வீட்டில்தான் மனசு நிற்கிறது என்றால் நியூரோ, ஓ.பி.யில் வலியைப் பிரித்துப் பார்ப்பது பிடித்துவிட்டது என்றால் ஆர்த்தோ, திட்டத்தையே நடத்த வேண்டும் என்று தோன்றினால் சமூக மறுவாழ்வுப் பிரிவு உள்ள கல்லூரி. கடைசியாகச் சொன்னதற்கு இன்னொரு வழியும் உண்டு: பொது சுகாதாரத்தில் முதுகலை, அதாவது எம்.பி.எச். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அந்தப் படிப்பு இருக்கிறது, அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் தகுதியைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். பிசியோ கை ஒன்று திட்ட அலுவலகத்துக்குள் போனால்தான் 'வட்டாரத்துக்கு ஒரு பிசியோ போதுமா' என்ற கேள்வியை அங்கே எழுப்ப ஆள் இருக்கும். அப்படி நாலு பேர் வர வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

நிரந்தர வேலை பற்றி. அரசு மருத்துவமனைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் கிரேடு 2 பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., நிரப்புகிறது. அறிவிக்கை எப்போதாவதுதான் வரும், வரும்போது விட்டுவிடாதீர்கள். ரயில்வே தேர்வு வாரியமும் பாராமெடிக்கல் அறிவிக்கையில் பிசியோவைச் சேர்க்கிறது. டி.இ.ஐ.சி., வட்டார வள மையம், மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டத்தின் சேவை மையங்கள் ஆகியவையும் இருக்கின்றன, அவற்றிலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம்தான் அதிகம். பி.எச்.சி.யில் சேர்ந்து, அங்கேயே சீனியர் ஆகி, அப்புறம் மாவட்டத்துக்கு மேற்பார்வையாளர் ஆகலாம் என்கிற படிக்கட்டு நம் மாநிலத்தில் பிசியோவுக்கு இன்னும் கட்டப்படவில்லை. 13,000 ரூபாய் என்பது நீங்கள் படித்த படிப்புக்கும் செய்யப்போகிற வேலைக்கும் நியாயமான சம்பளமே இல்லை. சங்கங்கள் கேட்க வேண்டும், நாமும் கேட்க வேண்டும். ஆகவே வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கல்விக்கடன் தவணை ஓடிக்கொண்டிருந்து, உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருக்கிறது என்றால் இன்னும் ஒரு வருடம் கிளினிக்கிலேயே இருந்து கடனை இறக்கிவிட்டு அடுத்த அறிவிக்கைக்கு விண்ணப்பியுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. அந்த ஒரு வருடத்திலும் சீட்டை மட்டும் பார்க்காமல் ஆளைப் பரிசோதிக்கிற பழக்கத்தைக் கிளினிக்கிலேயே ஆரம்பித்துவிடலாம்.

இங்கிலாந்து விஷயத்தில் உங்கள் தோழி சொல்வது உண்மைதான். ஃபர்ஸ்ட் கான்டாக்ட் பிராக்டிஷனர் என்று அந்த வேலைக்குப் பெயர். மூட்டு வலி, தசை வலி என்று குடும்ப டாக்டர் மையத்துக்கு வருகிறவரை டாக்டருக்குப் பதிலாக அந்த பிசியோவே முதலில் பார்த்துவிடுவார். 2020இலிருந்து இந்தப் பணியிடங்களுக்கான சம்பளத்தை அங்கே அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். ஏற்றுக்கொண்டது, அதே ஆண்டில் ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து என்ற அமைப்பு அதற்கான பயிற்சிப் பாதையையும் வகுத்தது. ஆனால் அது போய் இறங்கியதும் கிடைக்கிற வேலை அல்ல. முதலில் அங்குள்ள எச்.சி.பி.சி. என்ற தொழில் கவுன்சிலில் பதிவு, அப்புறம் பதிவு பெற்ற பிசியோவாகச் சில வருட அனுபவம், பிறகு முதுகலைக்கு இணையான அறிவு இருப்பதை நிரூபிப்பது, அதற்கும் மேல் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மேற்பார்வையாளர் முன்னிலையில் நோயாளிகளைப் பார்த்து ஆவணமாகக் காட்டுவது. அந்தப் பாதை முக்கியமாகக் கேட்பது என்ன என்று பார்த்தால், வலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெரிய நோயைப் பிடிப்பது, எப்போது ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று தெரிவது, ஆள் சாப்பிடுகிற மருந்துகளைப் பற்றித் தெரிவது, மனச்சோர்வைக் கவனிப்பது, யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது. மேலே நான் உங்களை நோட்டில் எழுதச் சொன்னதும் இதேதான். அந்தப் பதவி இங்கே வருமா என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் பணியிடம் இல்லை, பொறுப்பு மருத்துவ அலுவலருடையது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் வேலை உங்கள் முன்னால் வந்து உட்காரப் போகிறது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் வட்டாரத்துக்கு ஒருவர் இருந்தால் பதவியை உருவாக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் மாவட்ட நலவாழ்வுச் சங்க அலுவலகத்தில் இவற்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், புதுப்பிப்பது எப்படி, பி.எஃப். உண்டா, பிரசவ விடுப்பு உண்டா, பணி நேரத்துக்குப் பிறகு வெளியே சிகிச்சை பார்க்க அனுமதி உண்டா, பணி அனுபவச் சான்று யார் தருவார்கள். அனுபவச் சான்றை வேலையை விடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், வருடா வருடம் வாங்கி வையுங்கள், அதிகாரி மாறினால் அலைச்சல்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வட்டாரக் குழுவுக்கு வண்டி உண்டு, வலி நிவாரணப் பிரிவு நர்ஸும் கூட வருவார், அந்தந்த ஊர்த் தன்னார்வலர்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடம்பூர், தாளவாடி மாதிரி மலைப் பக்கம் போக வேண்டியிருந்தால் சாயங்காலம் ஆனைகள் ரோட்டுக்கு வரும் முன் இறங்கிவிடுகிற மாதிரி நேரம் போடச் சொல்லி மருத்துவ அலுவலரிடம் நீங்களே கேட்கலாம், அங்கே எல்லாருமே அப்படித்தான் போய் வருகிறார்கள். இருட்டிய பிறகு தனியாக ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சேர்ந்த பிறகு முதல் மூன்று மாத நோட்டை எனக்கு அனுப்புங்கள், நோயாளி பெயர்கள் இல்லாமல், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.